அமலன் கட்டிய பூத வேஷம்

அந்த முகமூடியிலிருந்து புது ரப்பர் நாற்றம் அடித்தது. ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயில் ஹாலில், கால் ஒடிந்த பெஞ்சு ஒன்றின் மேல் அது மல்லாந்து கிடந்தது. பச்சை நிறம், நெற்றியில் தையல், கழுத்தின் இரண்டு பக்கமும் போல்ட்டு. மின்விசிறிக் காற்றில் அதன் உதடு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒத்திகைக்கு வந்த நாங்கள் அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய ஸ்டீபன் வரமாட்டான் என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்றி வைத்திருந்த ஆள். கப்பல் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஸாரி டீச்சர், நாளைக்கே மும்பை பூடணும். ஏஜென்ட்டு பேஜாரு பண்றான்," என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. நாடகத்தை எழுதியவள் நான். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. பூதம் இல்லாமல் பூதத்தின் கதையை எப்படி நடத்துவது?

அப்போது மேடையின் ஓரத்தில், லைட் போர்டு இருக்கும் இருட்டு மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் பண்றேங்கா."

என் தம்பி அமலன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பேசினால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

"முகமூடி வேணாம். மூச்சு முட்டும். சும்மாவே பண்றேன்," என்றான்.

பேனல் வெடித்த பிறகு

அமலன் எலெக்ட்ரீஷியன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். ஒருநாள் சுவிட்ச் ரூமில் பேனலைத் திறந்திருக்கிறான். லைனை ஆஃப் பண்ணியாச்சு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆஃப் ஆகவில்லை. முதலில் வெளிச்சம்தான் தெரிந்தது என்பான். சத்தம் அப்புறம்தான் கேட்டதாம்.

இடது பக்க முகம், காது, கழுத்து, இடது கை. ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோலை எடுத்து முகத்தில் ஒட்டினார்கள். பல மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய வலது பக்கத்தைப் பார்த்தால் அமலன், இடது பக்கத்தைப் பார்த்தால் எனக்கே தெரியாத யாரோ.

வாசலில் அவனுக்காகக் காத்திருந்தாள் ஜெனி, அவன் மகள். அப்போது மூன்று வயது. பிரமிளா, அவள் அம்மா, புதுக் கவுன் போட்டு நிற்க வைத்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவனை ஜெனி ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்தது. மூச்சு அடைத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். கொஞ்ச நாள் அவரைக் காட்டாமல் இருங்கள் என்றார்.

பிரமிளா, முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள். அழுதுகொண்டேதான் போனாள். வாரம் ஒருமுறை அவள் மட்டும் வருவாள். மீன் குழம்பு வைப்பாள், அமலனின் கைக்கு மருந்து தடவுவாள், பொழுது சாய்வதற்குள் போய்விடுவாள். கொஞ்ச நாள் என்றது ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

ஜெனி தனக்குத் தானே ஒரு விளக்கம் செய்துவைத்திருந்தாள். அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ராயபுரம் வீட்டில் இருப்பது வேறு ஆள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் சொன்னபோது மறுக்கவும் எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஆனால் அப்பாவோடு தினமும் போனில் பேசுவாள். சாயங்காலம் டீ நேரத்துக்கு அழைப்பு வந்துவிடும். "வீடியோல வா" என்பாள். "டவர் இல்லம்மா" என்பான். அப்புறம் நண்டு கதை, ரயில் கதை, அவள் பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்ற விவரம். அமலன் சிரிப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். சிரித்தால் இடது பக்கத் தோல் இழுத்து வலிக்கும். இருந்தாலும் சிரிப்பான்.

மூளை மட்டும் கிளார்க்குடையது

இந்தப் பூதத்தின் கதை எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஒரு டாக்டர் ஓர் உருவத்தைச் செய்கிறான், உயிர் கொடுக்கிறான், அதன் முகத்தைப் பார்த்ததும் பயந்து ஓடிவிடுகிறான். சீமையில் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் எழுதியதாம். எழுதி இருநூறு வருஷம் ஆன பிறகும் உலகம் அதை விடவில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் விற்கும் பனியனிலும் அந்தப் பச்சை முகம் இருக்கிறது, சூயிங்கத்தோடு கொடுக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கிறது. பாதிப் பேர் டாக்டரின் பெயரைத்தான் பூதத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். இந்தக் கதையை எந்த மாலுமியிடம் கேட்டாரோ தெரியாது. அவர் சொல்லும்போது எல்லாம் இங்கேயே நடந்தது.

"கை ரெண்டும் ஹார்பர் கூலியோடது. மூட்டை தூக்குன கை. காலு ரயில்வே கலாசியோடது, தண்டவாளத்துல நடந்து நடந்து தேஞ்ச காலு. நெஞ்சு நம்ம குப்பத்து ஆளோடது, கடல்ல முழுகி முழுகி மூச்சு புடிச்ச நெஞ்சு. மூளை மட்டும் ஒரு கிளார்க்கோடது. அதான் தொட்டதுக்கெல்லாம் கோச்சிக்கினு கெடந்துச்சு."

அப்பாவுக்கு கிளார்க்குகள் மேல் ஒரு தீராத வருத்தம் உண்டு.

அந்த உருவத்துக்கு உயிர் கொடுத்த மின்சாரம் பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸிலிருந்து வந்தது என்றும் சொல்வார். ரயில் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். வீட்டில் பல்பு மங்கினால் அப்பா குரலைத் தாழ்த்துவார். "பாரு, அவன் எய்ந்துக்கினு கீறான். கரண்ட்ட இஸ்துக்கினு கீறான்." நான் அம்மாவின் சேலைக்குள் போய்விடுவேன்.

அமலன் பயப்படவில்லை. என்னைவிட ரொம்பச் சின்னவன். அவன் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

"ஒயர எங்க சொருவுனாங்கப்பா?"

பிற்பாடு நான் தமிழாசிரியை ஆனேன். பள்ளி நூலகத்தில் அட்டை போன ஒரு சுருக்கப் பதிப்பு கிடைத்தது. வாசித்தபோது திகைத்துப்போனேன். அப்பாவின் பூதம் உறுமும், அவ்வளவுதான். இந்தப் பூதம் பேசியது. மனிதர்கள் பேசுவதை ஒளிந்திருந்து கேட்டுப் பேசக் கற்றுக்கொள்கிறது. தன்னைச் செய்தவனிடம் வந்து நியாயம் கேட்கிறது. பார்வையில்லாத ஒரு பெரியவர் மட்டும்தான் அதை உட்கார வைத்துப் பேசுகிறார். அவருக்கு அதன் முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும்.

அந்த இடத்தை வாசித்த நாளிலிருந்தே இதை நாடகமாக எழுத வேண்டும் என்று ஆசை. எழுதி முடித்தபோது, அமலனுக்கு அடிபட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது அவனை நினைக்கவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்?

எங்கள் பங்குச் சாமியாருக்கும் தயக்கம்தான். "மாதா திருவிழாவுல பொணத்தைத் தச்சு எழுப்புற கதையா டீச்சர்?"

"செத்தவங்க எழுந்து வர்றது நமக்குப் புதுசா ஃபாதர்?" என்றேன். சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்தது.

"நேராப் பார்க்கட்டுமே"

ஒத்திகை முடிந்து வீட்டுக்கு நடந்தோம். அமலன் வழக்கம்போலத் துண்டைத் தலையைச் சுற்றிப் போட்டு இடது பக்கத்தை மறைத்திருந்தான். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்றேன்.

"ஏங்கா? வசனம் அத்தினியும் எனக்குத் தெரியும். தெனமும் மூலைல குந்திக்கினு கேட்டுக்கினுதானே கீறேன்."

"வசனத்தப் பத்தி யாருடா பேசுனா? ஊரே வந்து குந்தும். சிரிப்பானுங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம்.

"இப்ப மட்டும் இன்னா பண்றானுங்கோ? டீ குடிக்கப் போனா கிளாஸப் பார்க்கறான், தரையப் பார்க்கறான். மூஞ்ச மட்டும் பார்க்க மாட்டேங்கறான். நீயும்தான்கா. ஒரு மணி நேரம் எல்லாரும் நேராப் பார்க்கட்டுமே. அப்பால சிரிச்சா சிரிக்கட்டும்."

ரயில் கடந்து போனது. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். நேராக, இடது பக்கத்தை. எவ்வளவு நாளாக நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மாவிடம் சொன்னதும் அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பெத்த வவுறு பத்திக்கினு எரியுது. அதை வேற ஊருக்குக் காட்டணுமா?" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

என் பயம் வேறு. பிரமிளாவுக்கு போன் செய்தேன்.

"பாப்பாவ மட்டும் இட்டுக்கினு வராத. அமலன் மேடை ஏறப் போறான். பூத வேஷம். அவ அதைப் பார்த்து, அது யாருன்னும் தெரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் போன்லகூடப் பேச மாட்டா."

பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"பாப்பாவ இட்டுக்கினு வரமாட்டேன் அண்ணி. நான் மட்டும் வர்றேன்," என்றாள்.

ஜெனிக்கு அப்பா என்று மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் என் தம்பிக்கு என்ன இருக்கும்? அந்த வாரம் முழுக்க வகுப்பில் பாடம் நடத்தும்போதும் இதே யோசனை. கரும்பலகையில் எழுதத் தொடங்கிய சொல்லைப் பாதியில் மறந்து நின்றேன்.

பஷீர் பாயின் வேலை

எங்கள் நாடகங்களுக்கு மேக்கப் போடுபவர் வண்ணாரப்பேட்டை பஷீர் பாய். பள்ளி ஆண்டு விழா, கல்யாணக் கச்சேரி, எங்கள் தவக்கால நாடகம், எல்லாவற்றுக்கும் அவர்தான். ரத்தம், காயம் போடுவதில் கெட்டிக்காரர்.

அவர் வீட்டிலும் இந்தப் பூதத்தின் கதை உண்டாம். அவருடைய அப்பா சொல்வாராம். "பொறந்த கொழந்தைக்குக் காதுல பேரு சொல்லணும் டீச்சர். அந்த டாக்டரு பேரே வெக்காம ஓட்டமா பூட்டான். அதான் அது கெட்டுப் போச்சு. எங்க அத்தா கணக்குல தப்பு அது ஒண்ணுதான்." கேட்ட அன்றே என் வசனத்தில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன்.

திருவிழா நாள் மதியமே பெட்டியோடு வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் இருக்கும் மறைக்கல்வி அறையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். அமலன் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை எடுத்தான். பஷீர் பாய் அவன் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். முகம் சுளிக்கவில்லை. தச்சர் மரத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"இந்தப் பக்கம் நான் கை வெக்க மாட்டேன் நைனா," என்றார், இடது கன்னத்தைக் காட்டி. "இது உன் சொந்த மூஞ்சி. இதுல பூதம் இல்ல. அந்தப் பக்கத்துலதான் நமக்கு வேலை."

நன்றாக இருந்த வலது பக்கத்தில்தான் அவர் சாயம் பூசினார். சாம்பல் கலந்த பச்சை. நெற்றியில் தையல் போட்டார், கண்ணுக்குக் கீழே கறுப்பு. முடித்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருந்தன. அமலன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போல்ட்டு வேணுமா?" என்றார் பஷீர் பாய்.

"வேணாம் பாய். ரெண்டு வருஷமா நமக்கு போல்ட்டு கழண்டுதானே கீது," என்றான் அமலன். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன் வரிசையில்

மாலைப் பூசை முடிந்து ஜனங்கள் ஹாலுக்குள் நுழைந்தார்கள். பஜ்ஜி வாசனையும் மல்லிகை வாசனையும் கடல் காற்றோடு வந்தன. திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். திருவொற்றியூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், அமலனோடு வேலை பார்த்தவர்கள், குப்பத்து ஜனங்கள். நிற்க இடமில்லை.

முன் வரிசையில் பிரமிளாவின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஜெனி. கையில் பஜ்ஜி.

திரையை இழுத்து மூடினேன்.

அதற்குள் பிரமிளா பின்பக்கமாக ஓடி வந்தாள். "அண்ணி, சத்தியமா என் தப்பில்ல. நான் பஸ்ல முன்னாடி வந்துட்டேன். எங்க அண்ணன் வெவரம் புரியாம இட்டாந்துட்டாரு. தூக்கப் போனா ஊரைக் கூட்டுறா."

கணக்குப் போட்டோம். நாடகத்தின் முதல் பாதியில் பூதத்துக்கு வசனமே கிடையாது. அது இன்னும் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்தால் குழந்தை பயப்படும், உடனே தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். பூதமாக நின்றது யாரென்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. குரல் கேட்பதற்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அமலனிடம் போனேன். மேசை மேல் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தான்.

"டேய், ஜெனி வந்திருக்கா."

"பார்த்தேங்கா." துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. துணி அவன் மூச்சில் ஏறி இறங்கியது.

"நிறுத்திடலாமா?"

"லைட்டப் போடச் சொல்லுக்கா."

"கம்பெனி செலவுல போட்டது"

திரை விலகியது. டாக்டராக நடித்த எங்கள் பள்ளி பி.டி. வாத்தியார் நெம்புகோலை இழுத்தார். விளக்கெல்லாம் மங்கி, பளிச்சென்று எரிந்தன. அமலன் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, துணியை விலக்கி, சபையைப் பார்த்துத் திரும்பினான்.

மின்விசிறிகள் மட்டும் சுற்றின. ஜெனி மாமாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கத்தவில்லை. பிரமிளா அவர்களை நோக்கி வரிசைக்குள் நுழையத் தொடங்கினாள்.

அப்போது பின்னாலிருந்து யாரோ கத்தினான்.

"மாமு! உனக்கு மேக்கப்பே வேணாமே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. இதற்காகத்தானே பயந்தேன். நடந்துவிட்டது. அமலன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். டாக்டர் தன் வசனத்தை மறந்து விழித்தார். அம்மா எங்கோ இருட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் என் மண்டைக்குள் ஓடியது.

அமலன் தலையை உயர்த்தினான். சிரிப்பு வந்த திசையைப் பார்த்து, மேலே தொங்கிய மைக்கில் நிதானமாகச் சொன்னான்.

"ஆமா மாமு. பாதி மேக்கப்பு கம்பெனி செலவுல போட்டது."

பிறகு நடு வரிசையில் அவனோடு வேலை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அவர்களில் ஒருவர் எழுந்தே நின்றார். எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் புகைபோக்கிகளுக்குக் கீழே பிழைப்பவர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தார்கள். தட்டல் ஹால் முழுக்க நிறைந்தது. முதலில் சிரித்தவர்களும் தட்டினார்கள்.

நான் மட்டும் தட்டவில்லை. முன் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெனி தலையைத் தூக்கியிருந்தாள்.

சவுண்டு பாக்ஸின் பின்னால்

மடியிலிருந்து இறங்கினாள். பிரமிளா எட்டிப் பிடிப்பதற்குள் நழுவி, மேடையின் ஓரத்தில் இருந்த சவுண்டு பாக்ஸிடம் வந்தாள். அவள் உயரம்தான் அது. முன்னால் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு பின்னால் போய், ஒயர்கள் நுழையும் இடத்தில் குனிந்து பார்த்தாள்.

நான் மேடைப் படியிறங்கி ஓடி அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"அத்தெ, அப்பா இதுக்குள்ள கீறாரா?"

"வாம்மா, வெளிய போய் ஐஸ் வாங்கலாம்."

வரவில்லை. பாக்ஸின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். இழுத்தால் கத்துவாள். நாடகம் நின்றுவிடும். விட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவள் முதுகில் கையை வைத்தபடி நானும் அங்கேயே இருந்தேன். காட்சிகள் ஓடின. ஊர் பூதத்தைத் துரத்தியது. அது மறைந்திருந்து மனிதர்களைப் பார்த்தது. பிறகு பார்வையில்லாத பெரியவரின் குடிசை வந்தது.

"யாருப்பா நீ?" என்றார் பெரியவர்.

"எனக்குப் பேர் இல்லைய்யா. பேர் வைக்காம விட்டுட்டுப் போயிட்டாரு."

"பேர் இல்லாத ஆள் உண்டா? கிட்ட வா. கையைக் குடு."

அமலன் இடது கையை நீட்டினான். சுருங்கிய விரல்கள். பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்படிச் செய்யச் சொல்லி நான் எழுதவில்லை.

ஜெனி மேடையைப் பார்த்தாள். பாக்ஸைப் பார்த்தாள். மறுபடி மேடையைப் பார்த்தாள். அவன் வாய் அசைகிறது, பாக்ஸிலிருந்து அப்பா பேசுகிறார். வாய் நின்றால் அப்பாவும் நிற்கிறார்.

"அத்தெ," என்றாள் மெதுவாக. "அப்பா வாய்ஸு ஏன் அந்த ஆளுகிட்ட கீது?"

முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறவள் நான். அவளை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொள்ள மட்டுமே முடிந்தது.

கடைசிக் காட்சியில் பூதம் கடலை நோக்கி நடந்து மறைந்தது. விளக்கு அணைந்தது, திரை மூடியது. கைதட்டலுக்கு நடுவே ஜெனி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போச்சு?"

"உள்ள."

"போலாம்."

பிரமிளா வந்து சேர்ந்திருந்தாள். எங்கள் இருவரின் கண்களும் சந்தித்தன. வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஜெனியின் கை என் கைக்குள் பஜ்ஜி எண்ணெயோடு வழுக்கிக்கொண்டிருந்தது. அறை வாசல் வரை நடந்தோம்.

பஞ்சு

அமலன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பஷீர் பாய் பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து அவன் வலது கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் எங்களைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அமலனும் பார்த்துவிட்டான். திரும்பவில்லை. பக்கத்தில் கிடந்த துண்டை நோக்கிக் கை போனது.

பஷீர் பாய் அந்தக் கையை மெல்ல அழுத்தி முழங்காலில் வைத்தார். எதுவும் நடக்காதது போல் துடைப்பதைத் தொடர்ந்தார்.

பச்சை போனது. கறுப்பு போனது. நெற்றித் தையல் போனது. பஞ்சு பஞ்சாக அழுக்கு சேர்ந்தது. கண்ணாடிக்குள் வலது பக்கக் கன்னம் வந்தது, புருவம் வந்தது, சிரித்தால் குழி விழும் இடம் வந்தது.

ஜெனி என் கையை விட்டாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் அவன் வலது பக்கமாக நின்றாள்.

"இந்தப் பக்கம் அப்பா," என்றாள்.

அமலன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"அந்தப் பக்கமும் தொடைச்சிடு," என்றாள் பஷீர் பாயிடம்.

அவர் அமலனைப் பார்த்தார்.

"அது போவாதும்மா," என்றான் அமலன். "அது பெயின்ட் இல்ல. கரண்ட்டு சுட்டுடுச்சு."

"வலிக்குதா?"

"இப்ப இல்ல. சிரிச்சா கொஞ்சம் வலிக்கும்."

அவள் யோசித்தாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டியா?"

"வந்து ரொம்ப நாளாச்சும்மா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

வாசல்படியில் பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜெனி பஷீர் பாயின் கையிலிருந்து புதுப் பஞ்சு ஒன்றை வாங்கினாள். எட்டவில்லை. அமலன் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டான். அவள் இடது கன்னத்தில், சுருக்கம் விழுந்த தோலில், பஞ்சை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். பிறகு பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

"ஆமா, போவல," என்றாள்.

அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. அவனும் கையை நீட்டவில்லை. அந்த நாற்காலியில் சாய்ந்து நின்றுகொண்டு, மேசை மேல் இருந்த சாய டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இது எதுக்கு, இது எதுக்கு என்று அவனையே கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டான்.

வெளியே குப்பத்துக்குத் திரும்பும் வேன் ஹார்ன் அடித்தது. ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிரமிளா என்னை ஓரமாக இழுத்தாள்.

"ராத்திரி எய்ந்து பார்த்து கத்துனா இன்னா பண்றது அண்ணி?"

"தெரியல," என்றேன்.

மறுபடி ஹார்ன். பிரமிளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போய், நானும் பாப்பாவும் வரல என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.